இலவசக் கண் அறுவை சிகிச்சையை நம்பலாமா? அப்பத்தா ஏன் வர மறுக்கிறார்?

கேள்வி இதுதான்: தேனி மாவட்டத்தில் நெல்லும் கரும்பும் விளைகிற ஒரு கிராமம். அப்பத்தாவுக்கு 74 வயது, இரண்டு கண்ணிலும் புரை. இலவச முகாமுக்குக் கூப்பிட்டால் வரவே மாட்டேன் என்கிறார். இலவச அறுவை சிகிச்சையை நம்பலாமா? நண்பர்கள் சேர்ந்து எங்கள் ஊரிலேயே ஒரு முகாம் நடத்தலாம் என்று இருக்கிறோம், எதைக் கவனிக்க வேண்டும்?

நம்பலாம். யார் செய்கிறார்கள், எங்கே வைத்துச் செய்கிறார்கள் என்று பார்த்து நம்ப வேண்டும். முகாமும் தாராளமாக நடத்துங்கள். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது "வரமாட்டேன் என்கிறார்" என்ற அந்த ஒரு வரிதான். நான் மருத்துவர் இல்லை. மதுரைப் பக்கம் ஒரு சேவைச் சங்கத்துக்காகக் கண் சிகிச்சை முகாம்களுக்கு ஆள் சேர்க்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். புரையை எடுத்து லென்ஸ் வைப்பது பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை அந்த அறுவை மேசை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குச் சில சமயம் இரண்டு வருடம் ஆகிறது.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று முகாமுக்குக் கூப்பிட்டோம், மூன்றுக்கும் வரவில்லை. முதல் தடவை "வயசாயிருச்சு, இனிமே பாத்து என்ன ஆகப்போகுது" என்றார். அடுத்த தடவை "பயமா இருக்கு" என்றார். மூன்றாவது தடவை பேசவே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்களும் பயம் என்றே எழுதி வைத்துக்கொண்டோம். நான்காவது முறை நோட்டீஸை எல்லாம் மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சும்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்து அவராகவே கேட்டார்: "மூணு நாளைக்கு ஆட்டை யாரு பாப்பா?"

ஆறு ஆடுகள். மகன் திருப்பூரில். மருமகள் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டுப் போக முடியாது, ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கூட வரவும் ஆள் இல்லை. இதைச் சொன்னால் நாங்கள் சிரிப்போம் என்று நினைத்து வயசு, பயம் என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனைப் பேசி ஆட்டுக்கு ஏற்பாடு செய்தோம். அடுத்த வாரமே வேனில் முதல் ஆளாக ஏறினார்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999ல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணில் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட முகாமுக்கு வந்திருக்கவில்லை என்று தெரிந்தது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்து, எல்லாம் இலவசம் என்று சொல்லியும் அந்த நிலை. காரணம் கேட்டால் கூட வர ஆள் இல்லை, வேலையை விட முடியாது, பஸ்ஸுக்குக் காசு இல்லை, இருக்கிற பார்வையே போதும், இப்படித்தான் பதில் வரும். பெண்கள் இன்னும் பின்னால் நிற்கிறார்கள். தாத்தாவுக்குப் புரை என்றால் வீடு அசைகிறது. பாட்டிக்கு என்றால் "அடுத்த முகாமுக்குப் பாத்துக்கலாம்" என்கிறது. எனக்கு இதில் இன்னமும் கோபம் உண்டு.

சரி, நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

நம் அப்பத்தாக்கள் பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்கள் பார்த்து வளர்ந்த அறுவை சிகிச்சை வேறு. அப்போது புரை முற்றட்டும் என்று காத்திருக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்திலோ சத்திரத்திலோ வைத்து அறுவை நடக்கும். புரை விழுந்த லென்ஸை முழுதாக எடுத்துவிடுவார்கள், உள்ளே எதையும் வைக்க மாட்டார்கள். ஆடாமல் அசையாமல் நாள்கணக்கில் படுத்திருக்க வேண்டும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க சோடாபுட்டிக் கண்ணாடி. அது உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடியும் குருடுதான். செயற்கை லென்ஸ் அதற்கு முன்பே வந்துவிட்டது. லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949லேயே முதல் லென்ஸை வைத்துவிட்டார். ஆனால் விலை ஏழைக்கு எட்டவில்லை. 1980களில்கூட வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு லென்ஸின் விலை ஒரு விவசாயக் கூலியின் பல மாத வருமானத்துக்குச் சமம். 1992ல் மதுரையில் அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. இலவச நோயாளிக்கும் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

அரவிந்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை எழுத முடியாது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, எல்லோரும் டாக்டர் வி என்பார்கள், அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்றதும் 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது அது. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி எனக் குடும்பமே கூட நின்றது. டாக்டர் வியின் விரல்கள் இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் கோணி வளைந்து போனவை. அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கி, தன் கையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர். 2006ல் மறைந்தார்.

அங்கே நடப்பதை வெறும் தானம் என்று சொல்ல மனம் வரவில்லை. காசு கொடுத்து வருகிறவர்களின் கட்டணத்தில்தான் இலவச சிகிச்சையும் ஓடுகிறது. அறுவை அரங்கில் இரண்டு மேசை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு மேசையில் மருத்துவர் லென்ஸ் வைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் இன்னொருவரைத் தயார் செய்துவிடுவார்கள். முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். தயார் செய்வது, சொட்டு மருந்து விடுவது, பவர் அளப்பது, ஆறுதல் சொல்வது எல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள். பெரும்பாலும் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்து இரண்டு வருடம் பயின்றவர்கள். இந்தச் செலவில் இவ்வளவு பேருக்குச் செய்ய முடிவதற்கு மருத்துவர்கள் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் இந்தப் பெண்களும். நம் ஊர்க்காரர்களுக்கு அவர்கள் பேச்சே பாதி தைரியம்.

காசு கொடுப்பவருக்கும் இலவசமாக வருபவருக்கும் வித்தியாசம் உண்டா? உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அறை, கட்டில் எல்லாம் வேறு. இலவசப் பிரிவில் பொதுக்கூடம்தான், பல இடங்களில் பாய்தான். லென்ஸிலும் வேறுபாடு இருக்கும். காசு கொடுப்பவர்கள் பலருக்கு இயந்திரத்தால் புரையைக் கரைத்து எடுத்து, மடித்து வைக்கும் லென்ஸ். இலவசத்தில் பெரும்பாலும் கையாலேயே சிறு துளை போட்டு எடுக்கும் முறை, மடங்காத லென்ஸ். அந்தத் துளை தானாகவே மூடிக்கொள்ளும், தையல் தேவைப்படுவதில்லை. முற்றிப்போன, கல் மாதிரி இறுகிய புரைக்கு இந்தக் கை முறையே நன்றாகப் பொருந்துகிறது. நம் கிராமங்களில் வரும் புரை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பார்வை என்ற அளவில் அப்பத்தாவுக்குக் குறையேதும் வராது.

இப்போது கசப்பானதையும் சொல்ல வேண்டும். 2008ல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த ஒரு முகாம் வழியாக அறுவை செய்துகொண்டவர்களில் 60க்கும் மேற்பட்டவர்கள் கிருமித் தொற்றால் பார்வை இழந்தார்கள். இலவசத்தை நம்பி வந்த ஏழைகள். அதனால்தான் முதல் வரியிலேயே யார், எங்கே என்று பார்க்கச் சொன்னேன். முகாமில் பரிசோதனை மட்டும்தான் நடக்க வேண்டும். அறுவை முறையான அரங்கம் உள்ள மருத்துவமனையில் மட்டும். "மண்டபத்திலேயே முடிச்சிரலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கவனமாகச் செய்கிற இடத்தில் தொற்று மிக மிக அரிது. அரவிந்தில் 6 லட்சம் அறுவைகளுக்கு மேல் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைச் செலுத்தத் தொடங்கிய பின், தொற்று 10,000க்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது.

அரசு மருத்துவமனைகளிலும் இது இலவசம்தான் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ல் தொடங்கியது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டமும் 1976லிருந்து நடக்கிறது. அதனால் முகாம் நடத்த நினைத்தால் முதலில் மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்தில் பேசுங்கள். அனுமதி, மருத்துவமனை, தேதி எல்லாம் அங்கிருந்து கூடிவரும்.

முகாம் எப்படி நடக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுகிறேன். காலையில் பெயர் பதிவு. அப்புறம் எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வை அளப்பார்கள். எழுத்து தெரியாதவர்களுக்கு, E போன்ற குறியின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கைவிரலால் காட்டச் சொல்லும் பலகை உண்டு. மருத்துவர் டார்ச் அடித்துப் பார்ப்பார். புரை முற்றிய கண்ணில் பாப்பாவே வெள்ளையாகத் தெரியும், அதை நாமே பார்க்கலாம். புரை என்று முடிவானவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கண் ஓரத்தில் சிறு ஊசி முனையால் உப்புத் தண்ணீரைச் செலுத்தி, "தொண்டைக்கு உப்புத் தண்ணி வருதாம்மா?" என்று கேட்பார்கள். வந்தால் கண்ணீர்ப் பாதை திறந்திருக்கிறது. வராவிட்டால் அடைப்பு. அங்கே சீழ் தங்கியிருந்தால் அறுவைக்குப் பிறகு கண்ணுக்கே ஆபத்து. முதலில் அந்த அடைப்பைச் சரி செய்தாக வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வேனில் ஏற்றுகிற முகாமாக இருந்தால் எனக்கு நம்பிக்கை வராது.

அங்கிருந்து அதே நாள் மருத்துவமனைக்கு வேன். எந்தக் கண்ணில் அறுவையோ அந்தப் பக்கத்துப் புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார்கள். "நாளைக்கு வந்து கூட்டிப்போறோம்" என்று சொல்லி அனுப்பினால் பாதிப் பேர் மனம் மாறிவிடுகிறார்கள். ராத்திரி வீட்டில் யாராவது ஒரு கதை சொல்லிவிடுவார்கள். அதனால் அன்றே வேன், அன்றே சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து ஊர் முக்கில் இறக்கிவிடுவது வரை உங்கள் பொறுப்பு. நோட்டீஸில் "மாற்றுத் துணி ஒன்று, தினமும் சாப்பிடும் மாத்திரை" என்று போடுங்கள். தலைவர்கள் படத்தைவிட அது முக்கியம்.

கூட்டம் சேர்க்க நான் கண்ட நல்ல வழி, ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு பார்வை வந்தவர் ஒருவரைக் கூடக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவதுதான். மருத்துவர் ஆயிரம் சொல்லட்டும், "எனக்கு ஊசி போட்டப்ப எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்று தெருவில் இருக்கிற ஓர் ஆள் சொன்னால்தான் நம்புவார்கள்.

இன்னொன்று. இத்தனை பேரைச் சோதித்தோம், இத்தனை பேரை அனுப்பினோம் என்று படம் எடுத்து முடித்துவிடுகிறோம். அறுவைக்குப் பின் வேலை ஆரம்பிக்கிறது. சொட்டு மருந்து வாரக்கணக்கில் விட வேண்டும், நாளாக ஆகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். தனியாக இருக்கும் பாட்டிக்கு யார் விடுவது? யாராவது ஒரு பள்ளிப் பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள், அவ்வளவு ஒழுங்காகச் செய்வார்கள். கண் வலித்தாலோ சிவந்தாலோ வந்த பார்வை மங்கினாலோ மறுபரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றே ஓட வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கும் வேன் ஏற்பாடு செய்யுங்கள். தேவையான கண்ணாடி அப்போதுதான் கிடைக்கும்.

அப்புறம், முகாம் என்றாலே புரை என்று நினைத்துவிடாதீர்கள். 2015–19 தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வை இழப்பில் 66 சதவீதத்துக்குப் புரைதான் காரணம் என்று வந்தது உண்மை. ஆனால் உங்கள் ஊர் நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். அங்கே நான் அதிகம் பயப்படுவது கண்ணில் பூ விழுவதற்குத்தான், அதாவது கருவிழியில் புண் வந்து வெள்ளைத் தழும்பாக நின்றுவிடுவதற்கு. கதிர் அடிக்கும்போது நெல் சுணை தெறித்துக் கருவிழியில் கீறிவிடும், கரும்புத் தோகை அறுத்துவிடும். அன்றைக்குப் பெரிதாகத் தெரியாது. மதுரை மாவட்டத்தில் 1990களில் எடுத்த கணக்குப்படி கருவிழிப் புண் வருடத்துக்கு லட்சத்தில் 113 பேருக்கு வந்தது. அமெரிக்காவில் கண்ட அளவைப்போலப் பத்து மடங்கு. அதிலும் ஏறத்தாழப் பாதி பூஞ்சையால் வந்த புண்.

அந்தப் புண்ணோடு நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? தாய்ப்பால் விடுகிறார்கள், விளக்கெண்ணெய் விடுகிறார்கள், நாக்கால் தூசி எடுப்பவரிடம் போகிறார்கள். இதையெல்லாம்விடக் கொடுமை, மருந்துக் கடையில் "கண் சிவந்திருக்கு" என்று சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொள்வது. சிவப்பு குறையும், நல்லாகிவிட்டது என்று தோன்றும், உள்ளே பூஞ்சை கருவிழியைத் தின்றுகொண்டிருக்கும். பத்து நாள் கழித்து வரும்போது வெள்ளைப் பூ விழுந்துவிட்டிருக்கும். அதற்கு மேல் யாராவது கண்தானம் செய்து கருவிழி கிடைத்தால்தான் உண்டு. நேபாளத்தில் பக்தபூரில் கிராமத் தொண்டர்களை வைத்து ஒரு முயற்சி செய்தார்கள். கண்ணில் அடிபட்டவர்களுக்கு உடனே மூன்று நாள் ஆன்டிபயாடிக் களிம்பு, அவ்வளவுதான். நேரத்தோடு வந்தவர்களுக்குப் புண் வராமலே தடுக்க முடிந்தது. உங்கள் முகாமில் மைக்கைப் பிடித்து ஒரே ஒரு விஷயம் சொல்வதாக இருந்தால், கண்ணில் ஏதாவது பட்டால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள், எதையும் ஊற்றாதீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் வெள்ளெழுத்தையும் விட்டுவிடாதீர்கள். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவது, சின்ன விலைக் கண்ணாடியில் தீர்வது. அசாமில் தேயிலை பறிக்கிறவர்களுக்கு வெறும் கிட்டத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் பறித்த இலையின் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. பூக்கட்டுகிறவர், தையல் வேலை பார்ப்பவர், அரிசியில் கல் பொறுக்குகிற நம் அம்மாக்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். முகாமிலேயே கண்ணாடி கிடைக்க ஏற்பாடு செய்யச் சொல்லி மருத்துவமனையிடம் கேளுங்கள். சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தால் அது தலையணைக்கு அடியில்தான் கிடக்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடம் ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனை தேவை. கண் அழுத்த நோய் வலியில்லாமல் பார்வையைத் தின்னும், போனது திரும்பாது. இந்த இரண்டுக்கும் வருடத்தில் ஒருநாள் முகாம் போதாது. பக்கத்து டவுனில் பார்வை மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அரவிந்த் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட மையங்களை நடத்துகிறது. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பரிசோதித்துப் படம் எடுத்து அனுப்ப, பெரிய மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் கணினித் திரை வழியே நோயாளியோடு பேசுவார். தேனிப் பக்கத்தில்தான் 2000களின் நடுவில் கம்பிவழி இணையம் எட்டாத ஊர்களுக்கு வைஃபை கோபுரம் வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். உங்கள் ஊருக்கு ஒரு பஸ் தூரத்தில் மையம் இருந்தால், முகாமுக்குச் செலவிடும் பணத்தில் பாதியை அங்கே மாதா மாதம் ஆள் கொண்டுபோகும் ஆட்டோவுக்கு ஒதுக்குங்கள்.

கடைசியாக உங்கள் அப்பத்தா. முதலில் ஒரு கண்ணுக்கு மட்டும் செய்யலாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள், அவருக்கும் தெம்பாக இருக்கும். மயக்க ஊசி போட்டுத் தூங்க வைக்க மாட்டார்கள், கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள் என்பதையும் சொல்லுங்கள். "திரும்பி முழிக்கலேன்னா" என்ற பயம் பலருக்கு உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். அதற்கு முன்னால், அவர் இல்லாத இரண்டு மூன்று நாள் வீட்டில் எந்த வேலை நின்றுபோகும் என்று கேளுங்கள். மாடோ, பேரப்பிள்ளையோ, தாத்தாவின் சாப்பாடோ, ஏதோ ஒன்று இருக்கும். அதற்கு நீங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டுத் தேதியைச் சொல்லுங்கள்.

அந்த ஆட்டுக்காரப் பாட்டியை ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். கருப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து, மடியில் ஒரு குட்டியைப் படுக்க வைத்து, அதன் காதுக்குள் இருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "இத்தனை இருந்திருக்கு, பாவம், எனக்குத் தெரியவே இல்லையே" என்றார். கண்ணில் தூசி படும் வேலை ஒரு மாதத்துக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, அடுத்த கண்ணுக்கு வேன் எப்போது வரும் என்று கேட்டார்.